அபிசார வேள்வியும் பாதி நாடும்

திருச்சிற்றம்பலம்

மதுரைமாநகரின் வடகீழ்த் திசையில், மேலூர் செல்லும் பெருவழிக்கு அணித்தாய், துதிக்கையை முன்னே நீட்டிப் படுத்த களிறுபோலக் கிடக்கும் யானைமலையைக் கண்டிராத சைவ அன்பர் அரியர். மேற்கே நெடுந்தொலைவு நீண்டு கிடக்கும் நாகமலையையும், திருமங்கலஞ் செல்வோர் வழிக்கண் காணும் பசுமலையையும் இதனோடு சேர்த்து எண்ணின், வைகை பாயும் சமவெளியில் மூன்று பகைப்படைகள் நகரை முற்றுகையிட்டபடியே கல்லாய் உறைந்து நின்றாற்போலத் தோன்றும். இம்மூன்றும் போரில் வீழ்ந்த மாயப் படைகளின் உடல்கள் என்பது பரஞ்சோதி முனிவர் அருளிய திருவிளையாடற் புராணத்தின் கூற்று. 64 படலங்களுள் யானை எய்த படலம் 22 ஆவது. நாகமெய்த படலமும் மாயப்பசுவை வதைத்த படலமும் முறையே 28 ஆவதும் 29 ஆவதும் ஆம்.

புராணம் விரித்துரைப்போர் யானையின் பருமையையும் அம்பின் விரைவையும் எடுத்துக் கூறிக் கேட்போரை மகிழ்வித்து அப்பாற் செல்வர். சிறுவர் அதனைக் கேட்டு வாய்பிளந்திருத்தலும் ஒருவகை அன்பே. ஆயினும் அக்கதையின் தொடக்கத்தே ஒரு பேரம் பேசப்படுகின்றது. அதனை நின்று நோக்குவார் சிலராதலின், ஈண்டு அதனையே ஆராயப் புகுகின்றாம்.

விக்கிரம பாண்டியன் மதுரையில் செங்கோல் செலுத்திய காலத்து, காஞ்சியிலிருந்த சோழன் அவனை நேர்நின்று பொருது வெல்லமாட்டாதவன் ஆயினான். படையும் உண்டு, பொருளும் உண்டு. வெற்றி ஒன்றே இல்லை. ஆகவே அவன் அஞ்சனம் முதலாய எட்டு மலைகளில் வாழ்ந்த எண்ணாயிரம் சமணரை வரவழைத்து, அபிசார வேள்வியால் பாண்டியனை மாய்ப்பீராயின் எம் நாட்டிற் பாதி உமக்கு என்று சொல்லளித்தான். அவர் அதற்கு உடன்பட்டுப் பாலாற்றங்கரையில் பெருஞ்சாலை வகுத்துக் குண்டம் தொட்டு, கேட்டவளவில் உடல் நடுங்கும் பொருள்களை அவியாகச் சொரிந்தனர். அத்தீயினின்றும் எழுந்தது மலையை ஒத்ததொரு யானை. அது மதுரை நோக்கி நடந்தது. பின்னே சமணரும் சோழன் படையும் நடந்தனர். பாண்டியன் ஆலவாயண்ணல் திருமுன் வீழ்ந்து முறையிட, இறைவன் அருளியவாறு நகரின் கீழ்ப்பால் அட்டாலை மண்டபம் அமைத்தான். சோமசுந்தரக் கடவுள் வில்வேடராய் எழுந்தருளி அதன்மீதேறி நாரசிங்கக் கணையைத் தொடுத்தார். யானை வீழ்ந்தது.

கதை இவ்வளவே. இனி அந்தப் பாதி நாட்டைக் காண்போம்.

பகைவன் நாட்டை வவ்வக் கருதியவன் தன் நாட்டிற் பாதியை முதற்கண் இழக்க உடன்படுகின்றான். கணக்கறிந்தார், பாண்டிநாடு முழுதும் வந்து சேருமேல் இழந்தது பெரிதன்று என்பர். அங்ஙனமாயின், அப்பாதி நாட்டில் உழுதும் நெய்தும் வாழ்ந்த குடிகளை யார் கேட்டனர்? அவர்கட்குப் பாண்டியன் செய்த தீங்கு யாது? தம்மை ஆள்வோர் இனி யாவர் என்பது ஒரு வேள்விக்குரிய தக்கணையாகப் பேசப்பட்டமை அவர் அறியார். மந்திரப் போரின் செலவை ஏவினவன் கொடுப்பதில்லை. அவன் கையெழுத்திடுவான், கொடுப்போர் பிறர். பொன்னும் நெல்லும் செலவாகும் வாட்போரிலேனும் அரசன் தன் மார்பைக் களத்திற் காட்டுதல் உண்டு. அபிசாரத்திலோ அவன் பாலாற்றங்கரையில் நிழலிலிருந்து பார்த்திருந்தான்.

ஈண்டு ஓர் ஐயம் எழும். அவ்வேள்வியினின்றும் யானை எழுந்தது எங்ஙனம்? தீச்செயல் தானே பயன் தரும் ஆற்றலுடையதோ? உடையது என்பர் மீமாஞ்சகர். அவர் கொள்கையைத் தாருகாவனத்து முனிவர் வாயிலாகக் கந்தபுராணமும், உமாபதி சிவனார் அருளிய கோயிற் புராணமும் காட்டிக் கடியும். கன்மமே பயன் தரும், கடவுள் வேண்டா என்று செருக்கிய அம்முனிவர் இறைவன்மேலேயே அபிசாரம் இயற்றினர். புலி வந்தது, அதன் தோல் உடையாயிற்று. பாம்பு வந்தது, அணியாயிற்று. முயலகன் வந்தான், திருவடிக்கீழ்க் கிடந்தான். இதனால் நாம் அறிய வேண்டுவன இரண்டு. அபிசாரம் சமணர்க்கே உரியது என்னும் எண்ணம் பிழையுடைத்து. தாருகாவனத்தார் வேதம் ஓதியவர். மற்று, கன்மம் சடம். அது தன்னை இயற்றினான் இன்னானென அறியாது, எங்கே எப்பொழுது பயன்பட வேண்டுமென்றும் அறியாது. ஆகலின் இருவினைப் பயனை உயிர்கட்குக் கூட்டுவிப்பவன் இறைவனே என்பது மெய்கண்டார் துணிபு.

அற்றாயின் அக்கொடிய யானையையும் இறைவனே கூட்டினானோ என்று வினவுவாரும் உளர். கூட்டினான் என்றே கூறுவாம்; கூறி நாணுதற்கு இடமில்லை. வைகைக் கால்வாயின் மடை திறந்துவிடின், நீர் கரும்பென்றும் எட்டியென்றும் பாராது பாய்கின்றது. எட்டி கசப்பது நீரின் குற்றமன்று. திரோதான சத்தி மலத்தோடு உடனின்று அதனைத் தொழிற்படுத்திப் பக்குவப்படுத்தும் என்று நம் நூல்கள் கூறுவது இதனையே. பகையென்னும் நோய் உள்ளேயே புழுங்கின் ஆறாது. வெளிப்பட்டுப் பழுத்து உடைதல் வேண்டும். சோழன் நெஞ்சிற் கிடந்த பொறாமை யானையாய் வெளியே வந்து அனைவர் கண்ணுக்கும் புலனாயிற்று. வந்தபின் அதனை வீழ்த்தியவனும் அவனே. வேள்வி என்னும் பெயரொன்றே ஒரு செயலை நல்வினையாக்காது என்பதற்குச் சிவஞான சித்தியார் தக்கன் வேள்வியை எடுத்துக் காட்டும். தந்தை தாளை எறிந்த சண்டேசர் செயல் அறமாய் முடிந்தமையையும் அதனோடு ஒருங்கு வைத்துக் காட்டும். இவற்றைக் கற்றார் பாலாற்றங்கரை வேள்வியைக் கண்டு மயங்கார்.

இனிச் சமணரைப் பற்றிச் சில கூறாது போதல் முறையன்று. இப்படலங்களைக் கூறுங்கால் அச்சமயத்தாரைப் பேயரென ஏசிக் கைகொட்டல் பெறும் வழக்கம் மேடைகளில் இன்னும் முற்றும் ஒழிந்திலது. அது நமக்கு உடன்பாடன்று. யானைமலையிலேயே சமண முனிவர்க்கு வெட்டிய கற்படுக்கைகள் உள. ஏறக்குறைய 2000 ஆண்டுப் பழமையுடைய தமிழ்ப் பிராமி எழுத்தும் உளது. அவ்வெழுத்து அம்மலையை இவகுன்றம் என்கின்றது. இவம் என்பது இபம், அஃதாவது யானை. பின்னாளில் அச்சணந்தி என்பார் பெயரோடு தீர்த்தங்கரர் உருவங்களும் அங்கே செதுக்கப்பட்டன. அதே மலையடியில், பாண்டியன் பராந்தக நெடுஞ்சடையனின் அமைச்சன் மாறன் காரி கி.பி. 770 இல் நரசிங்கப் பெருமாளுக்குக் குடைவரை கண்டான். அவன் இறந்தபின் தம்பி மாறன் எயினன் முகமண்டபம் எடுத்தான். நாரசிங்கக் கணை என்று புராணம் கூறுவதும் இக்கோயிலை உட்கொண்டதே. ஒரு கல்லில் மூன்று சமயத்தார் நினைவு தங்கியிருக்கின்றது. மலை யானைவடிவாய்க் கிடந்தமையால் அப்பெயர் பெற்றது என்று ஆராய்ச்சியாளர் கூறின் கூறுக. அதனால் புராணப் பொருளுக்கு வரும் இழுக்கு யாதுமில்லை. நாம் அதனைப் படிப்பது கல்லின் பிறப்பை அறிதற்பொருட்டன்று.

சமணர்க்குக் கொல்லாமை தலையாய விரதம். அவர்தம் நூலாகிய நீலகேசி, முனிச்சந்திரர் என்னும் முனிவர் காளிகோயிலில் உயிர்ப்பலியை விலக்கிய வரலாற்றோடு தொடங்குகின்றது. உலகிற்கு ஒரு கருத்தா உண்டென்பதையும் அவர் உடன்படார். வேத வேள்வியையும் உடன்படார். எனவே ஓமகுண்டத்தில் ஊனைச் சொரிந்த அந்த எண்ணாயிரவர், அச்செயலை மேற்கொண்ட அப்பொழுதே தம் சமயத்தை நீங்கினர் என்க. புராணம் அவரைப் பழிப்பது அவர் சமணராயிருந்தமையாலோ, சமணராயிராமையாலோ என்று நம்மை வினவின், பின்னதே என்போம். உடுக்கையும் வேண்டாது துறந்தார்க்குப் பாதி நாடு எதற்கு? கொல்லாமையையும் பொருள் பற்றாமையையும் ஒரே நாளில் அவர் விற்றனர். சோழன் கொடுப்பதாகச் சொன்னது மண். அவர் கொடுத்தது அதனினும் பெரிது.

இதனை நாம் பிறர் சமயத்தாரை நோக்கிக் கூறுகின்றோம் என்று ஆதீனங்களின் தம்பிரான்மார் அமைந்திருத்தல் வேண்டா என்று வணக்கத்துடன் விண்ணப்பிக்கின்றாம். அரசர் கொடுத்த நிலத்தை உடைமையாகப் பெற்ற மடங்கள் தமிழ்நாட்டிற் சைவத்துக்கே மிகுதி. அந்நிலம் அன்னம் பாலிக்கவும், ஏடுகளைக் காக்கவும், மாணாக்கரைப் படிப்பிக்கவும் பயன்பட்ட வரலாற்றை நாம் மறந்திலேம். நம் ஆசிரியர் உண்டதும் ஒரு மடத்துச் சோறே. கொடுத்தவன் பின்னொருநாள் வந்து, எமக்காக இன்னானை மாய்க்க ஒரு வேள்வி செய்க என்று கேட்கின், மறுக்கும் வலிமை எஞ்சியிருத்தல் வேண்டும் என்பதே நம் கருத்து.

நாகமெய்த படலத்துக்கு வருவாம். ஈண்டு உற்று நோக்கற்பாலதொன்று உளது. அனந்தகுண பாண்டியன் காலத்து நிகழ்ந்த இவ்விரண்டாம் ஏவலிற் சோழன் இல்லை. பேரம் பேசிய அரசன் கதையினின்றும் மறைந்துபோனான். பாதி நாடும் மறைந்தது. தீ மட்டும் அவியவில்லை. முன்னர்க் கூலிக்கு மூட்டிய தீ இப்பொழுது கூலியின்றியே எரிகின்றது. அதனின்றும் எழுந்த அவுணன் பாம்புருக்கொண்டு நகரின் மேற்பால் வந்தான். இம்முறை பாண்டியன் தானே எய்து அதனைத் துணித்தான். துணிபட்ட பாம்பு நஞ்சைக் கக்க, நகர்மாந்தர் மயங்கி வீழ்ந்தனர். வென்றபின்பும் ஊர் மாண்டுகொண்டிருந்தது என்பதைப் புராணம் மறைக்காது கூறுதல் காண்க. அரசன் அம்பினால் ஆகாதது, இறைவன் சடைமுடியிலுள்ள மதியின் அமுதத் துளியொன்றால் ஆயிற்று. மாயப்பசு வந்த மூன்றாம் முறையிலோ அம்பே இல்லை. நந்திதேவர் விடையாய்ச் சென்ற அளவில் அது வீழ்ந்தது. யானைக்கு இறைவன் வில், பாம்புக்கு அரசன் வில், பசுவுக்கு வில்லே இல்லை என்று இப்படலங்கள் நடத்தல் நம் சிந்தைக்கு இனிது.

இறைவன் ஆற்றலை ஏவுங்காற் சைவர் கொண்ட முறை யாது என்று காட்டவும் அதே மதுரையில் ஒரு நிகழ்ச்சி உண்டு. திருஞானசம்பந்தப் பெருமான் எழுந்தருளியிருந்த மடத்தில் இரவில் தீயிடப்பட்டது. அடியார்களோடு உறையும் மடம். பிள்ளையார் அத்தீயை அரசனிடமே செல்லப் பணித்தனர். இதுவும் ஒரு தீயை ஓர் அரசன்மேல் ஏவுதலன்றோ, பாலாற்றங்கரைச் செயலுக்கும் இதற்கும் வேற்றுமை என்னை என்று ஒரு மாணாக்கன் நம்மை வினவினான். நல்ல வினா. விடையைச் சேக்கிழார் பெருமான் முன்னரே கூறிவைத்தார். பிள்ளையார் அத்தீயை விரைந்து செல்லவிடாது மெல்லச் செல்லப் பணித்தமைக்குக் காரணங்களை அவர் அடுக்குகின்றார். மங்கையர்க்கரசியாரின் மங்கலநாண் காக்கப்படல் வேண்டும்; குலச்சிறையாரின் அன்பு வீண்போகலாகாது; குற்றம் அரசன் காவலில் நேர்ந்ததாயினும், அவன் மீண்டு சிவநெறி சேரும் தகுதியுடையவன்; பிள்ளையார் திருக்கையால் நீறு தீண்டப்பெறும் பேறும் அவனுக்கு உண்டு. பகைவன் இல்லத்தில் அழுவார் யாவர் என்று எண்ணியபின்னரே அத்தீ புறப்பட்டது. அதனாலன்றோ அது அரசனைச் சென்றடையும்போது தீயாயிராது வெப்பு நோயாயிற்று; ஆலவாயான் திருநீற்றால் தணியும் அளவினதாயும் இருந்தது. கூன்பாண்டியன் நின்றசீர் நெடுமாற நாயனாராய் நாம் வணங்கும் அறுபத்து மூவருள் ஒருவராயினமைக்கு அந்த மென்மை காரணம். பாலாற்றங்கரையில் இங்ஙனம் எண்ணினார் ஒருவரும் இலர். அந்த யானைக்கு மெல்ல நடக்கத் தெரியாது.

இக்காலத்தும் சத்துரு சங்கார ஓமம் என்னும் பெயரால் அவ்வவ்விடத்து நிகழ்வனவற்றை அன்பர்கள் அறிவர். காமம் வெகுளி மயக்கம் ஆகிய உட்பகையைக் கருதிச் செய்யின் குற்றமில்லை. வழக்கில் எதிரி தோற்கவும், தேர்தலில் மற்றவன் வீழவும் கட்டணம் செலுத்திச் செய்விப்பாரும் உளர் என்று கேள்வியுறுகின்றோம். சில ஆண்டுகட்கு முன் ஒரு செல்வர் நம்மிடம் வந்து, பங்காளி ஒருவன் பெயரைச் சொல்லி, அவன் அழியத் தேவாரத்துள் எப்பதிகம் ஓத வேண்டும் என்று வினவினார். பழமும் பொற்காசும் தட்டில் இருந்தன. பங்காளிக்கு மக்கள் எத்தனை பேர் என்று கேட்டோம். மூவர் என்றார். அவர் பெயர்களைச் சொல்லச் சொன்னோம். இரண்டு பெயரைச் சொன்னார். மூன்றாவதைச் சொல்ல நாவெழாது தட்டை எடுத்துக்கொண்டு போயினார். அக்குழந்தைக்கு அவர் தாயின் பெயரையே இட்டிருந்தனர் என்பதைப் பின்னர் அறிந்தோம்.

அரசராயினார்க்குப் போர் தவிர்க்கலாகாத சமயமும் வரும் என்பது உண்மை. சோழ பாண்டியர் பகை புராணத்தில் மட்டும் நிகழ்ந்ததன்று. முதற் பராந்தக சோழன் மதுரை கொண்டபின், இராசசிம்ம பாண்டியன் தன் குலமுடியை ஈழத்தில் வைத்து அகன்றான். அம்முடியைப் பெறப் பராந்தகன் முயன்றும் பெற்றிலன். ஏறத்தாழ நூறாண்டு கழித்து முதல் இராசேந்திரன் காலத்திலேயே அது சோழர் கைப்பட்டது. ஒரு முடிக்காக எத்தனை மரக்கலம், எத்தனை தலை! கி.பி. 1216 இல் முடிசூடிய மாறவர்மன் சுந்தரபாண்டியன் தஞ்சையையும் உறந்தையையும் எரியூட்டினான்; பின்பு சோணாட்டைச் சோழனுக்கே வழங்கினான் என்பதும் அவன் மெய்க்கீர்த்தியால் விளங்கும். 1279 அளவிற் சோழர் மரபு ஒழிந்தது. எஞ்சிய பாண்டியருள் உடன்பிறந்தார் இருவர் அரசுக்காகப் பொருதிருந்த காலத்தே, 1311 இல் மாலிக் காபூரின் படை மதுரைக்குள் புகுந்தது. வெளியேயிருந்து யானையை அனுப்ப ஒருவரும் வேண்டியிராத காலம் அது.

அரசுக்காக அண்ணனும் தம்பியும் பொரும் அத்தகைய போர் ஒன்று திருவிளையாடலிலும் உண்டு. தண்ணீர்ப் பந்தல் வைத்த படலத்தைக் கூறுகின்றோம். இராசேந்திர பாண்டியனுக்கு மணம் பேசப்பட்டிருந்த சோழன் மகளை, அவன் தம்பி இராசசிம்மன் முந்திச் சென்று மணந்தான். மாமனும் மருகனுமாகப் படைதிரட்டி மதுரைமேல் வந்தனர். கடுங்கோடைக் காலம். பாண்டியன் விண்ணப்பித்தபோது, வெற்றி நின்னதே என்று இறைவன் வாக்கருளினான். களத்தில் வெயில் வீரரைச் சுட்டது, நாவுலர்ந்து கைசோர்ந்தனர். அப்பொழுது பாண்டியன் படை நடுவே ஒரு தண்ணீர்ப் பந்தல் தோன்றியது. சடையிலுள்ள கங்கையையே நீராகக் கொண்டு, தவவேடம் பூண்ட ஒருவர் வருவார்க்கெல்லாம் வார்த்துக்கொண்டிருந்தார். இப்போரில் இறைவன் வில்லைத் தொடவில்லை. வேள்வியில் யாதும் எழவில்லை. விலையென்று எவரும் எதனையும் பேசவுமில்லை. குடித்தவர் எழுந்து பொருது வென்றனர்.

சோழனும் இராசசிம்மனும் பிணிப்புண்டு கொணரப்பட்டனர். அரசன் அவ்விருவரையும் சொக்கநாதர் திருமுன் நிறுத்தி, இவர்களை என்செய்வது என்று கேட்டான். நீ அறநெறி அறிந்தவன், நினக்குத் தக்கதைச் செய்க என்று அசரீரி எழுந்தது. தண்டனை இன்னதென்று கடவுளே சொல்லிவிடின் அரசனுக்குச் சுமையில்லை. சொல்லவில்லை. அரசன் எண்ணினான். தம்பிக்குச் சிறிது பொருள் வகுத்து அவனை வாழவைத்தான். சோழனுக்குச் சில யானையும் குதிரையும் அணிகலனும் கொடுத்து அவன் ஊருக்கு விடுத்தான். அச்சோழனிடத்தே பாதி நாட்டை ஒருவரும் கேட்டிலர்.

திருச்சிற்றம்பலம்